ஒடுங்கு பண்பு

நான் பாம்பு வளர்க்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து பால்காரர் எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே வருவதில்லை. பாத்திரத்தைக் கேட்டிலேயே மாட்டி வைக்கச் சொல்லிவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. எனக்கு அதுகளக் கண்டாலே ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருதுங்க" என்றார்.

மாடியில் குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே காலி செய்திருந்தார்கள். பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் அந்த வீட்டில் பிறகு நானும் இரண்டு பாம்புகளும் மட்டும்தான்.

இவை ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்புகள். பால் பைதான் என்று பெயர். பயந்தால் பந்து போலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் என்பதால் வந்த பெயர் அது. எங்கள் தெருவில் யாரும் அப்படிப் புரிந்துகொள்ளவில்லை. பால் குடிக்கிற பாம்பு என்று நினைத்துக்கொண்டு எதிர்வீட்டு அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை டம்ளரில் பாலும் வெற்றிலையில் மஞ்சளும் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. இந்த இனத்தை அரசாங்கத்தில் பதிவு செய்துவிட்டு வளர்க்கலாம். இதையெல்லாம் தெருவில் யாரிடம் நின்று விளக்குவது? டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, வைத்துக்கொள்ளச் சொன்னார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் நிறமில்லாமல் பிறந்தவள். தோல் வெள்ளை. தலைமுடி காய்ந்த சோளத்தட்டு நிறம், இமை முடியும் அப்படியே. வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்பளித்துவிடும். கண்மணிகள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும், அதனால் எதையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் படிக்க முடியும். பஸ்ஸில் ஏறினால் புதுக் கண்டக்டர்கள் "வேர் மேடம்?" என்பார்கள். "பெரியநாயக்கன்பாளையம் ஒண்ணு குடுங்கண்ணா" என்று நான் சொன்னதும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். சிலர் சிரிப்பார்கள். சின்ன வயதில் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

அப்பா பவுண்டரியில் வேலை பார்த்தார். கறுப்பு. அம்மா மாநிறம். இருவரும் அத்தை மகனும் மாமன் மகளும். என் தங்கை மாநிறத்தில், தலை நிறையக் கறுத்த முடியோடு பிறந்தாள். இப்படி ஒரு வீட்டில் நான் எப்படி வந்தேன் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அம்மா நம்பியது ஒன்றைத்தான். நான் வயிற்றில் இருந்தபோது கிரகண நேரத்தில், காயப்போட்ட துணியை எடுக்க அவர் வாசலுக்கு வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கிரகணத்துக்கும் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். வயிற்றில் எதுவும் இல்லாத வயதிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளகோவிலில் அம்மாவின் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே காங்கேயம் மாடுகள் கட்டியிருப்பார்கள். அந்த மாட்டுக் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் உதிர்ந்து சாம்பல் வெள்ளைக்கு மாறிவிடும். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்றைக் காட்டி அம்மாவிடம், "இதுவே நெறம் மாறுது. புள்ளைக்கு மாறாதா? வளர வளரக் கருப்பேறிரும் பாரு" என்பாராம். அம்மா அதை நம்பிப் பல வருடங்கள் காத்திருந்தார். தலை வாரும்போது வகிட்டை விலக்கிப் பார்ப்பார். வேரில் ஏதாவது கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் புரிந்தது.

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் வந்தது. பட்டாணிச் செடி, நெட்டை, குட்டை. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. நிறமின்மை ஓர் ஒடுங்கு பண்பு என்ற வரியை டீச்சர் வாசித்ததும் வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. டீச்சர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் பத்தியை வேகமாகக் கடந்து போனார். எனக்கு அந்தச் சொல் மட்டும் நின்றுவிட்டது. ஒடுங்கு. வீட்டுக்கு யாராவது வந்தால் நான் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வதற்கும் அதுதானே பெயர் என்று அப்போது நினைத்தேன். பாடம் புரியவில்லை. பரீட்சையில் கட்டம் போட்டு முழு மதிப்பெண் வாங்கினேன்.

எங்கள் பக்கம் மாமன் மகன் என்றால் உரிமை. மூத்த பெண்ணைத்தான் முதலில் கேட்பார்கள். வெள்ளகோவில் மாமாவின் மகனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் சின்ன வயதிலிருந்து அவனை வைத்து என் தங்கையைத்தான் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். கேட்டு வந்தபோதும் அவளைத்தான் கேட்டு வந்தார்கள். எனக்கு அவன் மேல் ஆசை எதுவும் இருந்ததில்லை. அவர்கள் என்னை மறுக்கவில்லை. என்னைக் கேட்கலாம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தன்று மேடையில் படம் எடுக்கும்போது மாமாவின் மனைவியான அத்தை வந்து, "லைட்டு கண்ணுக்கு ஆகாதல்ல கண்ணு, நீ சித்த அந்தப் பக்கம் நில்லு" என்றார். உண்மைதான், அந்த விளக்கு என் கண்ணுக்கு ஆகாது.

எனக்கும் ஒரு வரன் வந்தது. பல்லடத்தில் தறி வைத்திருந்த வீடு. பையனும் என்னைப் போலவே வெள்ளை. வெள்ளைக்கு வெள்ளை பொருந்தும் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு உள் அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு எங்களைப் பேசச் சொன்னார்கள். இருவருக்கும் கண் கூசாமல் இருந்த அறை அது. அவர், "ரெண்டு பேருக்குமே கண்ணு செரியாத் தெரியாது. வண்டி வாங்குனா யாருங்க ஓட்டறது?" என்றார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு வெளியே கேட்டிருக்கும். நாலு நாளில் அவருடைய அம்மா வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ரெண்டும் அப்படி இருந்தால் பிறக்கிறதெல்லாம் அப்படியே பிறக்கும் என்றாராம். எங்கள் வீட்டிலும் அதை யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அப்பா போனார். பல வருடம் கழித்து அம்மாவும் போனார். நான் ஒரு பம்புசெட் கம்பெனியில், வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்கும் வேலையில் இருக்கிறேன். தாராபுரத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் விவசாயிகள் கூப்பிடுவார்கள். "ஏனுங்க அம்மணி, மோட்டாரு ஓடுதுங்க, தண்ணி மட்டும் வரமாட்டேங்குதுங்க" என்பார்கள். அவர்களுக்கு என் குரல் மட்டும்தான் தெரியும். மோட்டார் சரியான பிறகு சிலர் மறுபடி கூப்பிட்டு, மகள் கல்யாணத்துக்கு வரச் சொல்வார்கள். நான் எதற்கும் போனதில்லை. வேலை முடிந்து வந்தால் அடுத்த நாள் காலை வரை பேசுவதற்கு ஆள் கிடையாது.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் போனை மூக்கருகே வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோவில் பாம்பு வந்தது. வெள்ளை உடலில் வெளிர் மஞ்சள் திட்டுகள், சிவந்த கண். ஒரு பெண் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இது நிறமிழந்த வகை, அதனால் சாதாரணப் பாம்பைவிடப் பல மடங்கு விலை என்று பெருமையாகச் சொன்னாள். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கறுப்பு மட்டும்தான் போயிருந்தது, மஞ்சள் அப்படியே இருந்தது. எழுந்து போய் என் தலைமுடியைக் கண்ணாடியில் பார்த்தேன்.

சிங்காநல்லூரில் வண்ண மீன் கடை வைத்திருந்த ஒருவர் இவற்றை வளர்த்து விற்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள். வெள்ளைப் பாம்பு வேண்டும் என்று கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். வெள்ளை இப்போது இல்லை என்று சொல்லி, இரண்டு வளர்ந்த பாம்புகளைக் காட்டினார். இரண்டும் பழுப்பும் கறுப்புமாக இருந்தன.

"இதுக பாக்கத்தானுங்க சாதாரணம். ரெண்டுமே ஹெட். உள்ள வெள்ளை இருக்குதுங்க. சேத்து விட்டீங்கன்னா நாலுல ஒண்ணு வெள்ளையா வரும்" என்றார்.

ஹெட் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் சொல். ஒரு நிறத்தை வெளியே காட்டாமல் உள்ளே சுமக்கிற பாம்பு. நான் அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்று கொஞ்சம் கறுப்பு, மற்றது கொஞ்சம் வெளுப்பு. வெள்ளைக் குட்டி வரும் வரை காத்திருந்து வாங்கியிருக்கலாம். ஆனால் இந்த இரண்டிலிருந்து ஒரு வெள்ளை எப்படி வருகிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா படுத்திருந்த அறையை அவற்றுக்குக் கொடுத்தேன். பெட்டியில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, ஒரு பக்கம் மட்டும் சூடு வரும்படி செய்து, ஒளிந்துகொள்ள ஒரு கவிழ்த்த சட்டி வைத்தால் போதும். சத்தம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உறைய வைத்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுப்பேன். விற்பனைக்கு வரும் எலிகளும் சிவப்புக் கண்ணுள்ள வெள்ளை எலிகள்தான். அவற்றின் முகத்தைப் பார்க்காமல் இடுக்கியால் எடுத்துப் பழகிக்கொண்டேன். கடிக்குமா என்று அலுவலகத்தில் கேட்டார்கள். இதுவரை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பாம்பை மடியில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் உடம்புச் சூட்டுக்காகத்தான் அது அசையாமல் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அது நன்றாகத்தான் இருந்தது.

மார்கழிக் குளிரில் இரண்டையும் ஒன்றாக விட்டேன். பெண் பாம்பு ஐந்து முட்டை போட்டது. முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தோல் போல மெத்தென்று இருக்கும். அவற்றைப் புரட்டிவிடாமல் இருக்க மேல் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, தெர்மாகோல் பெட்டியில் சூட்டுக்கு வைத்தேன். கரண்ட் போனால் இன்வர்ட்டர் ஓடுகிறதா என்று அலுவலகத்திலிருந்து எதிர்வீட்டு அம்மாவுக்குப் போன் செய்து கேட்பேன். அவரும் ஜன்னல் வழியாக இன்வர்ட்டரின் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சொல்வார். எதற்கு என்று அவர் கேட்டதில்லை.

இரண்டு மாதம் ஆகும் சமயத்தில் முட்டைகள் கீறின. ஐந்தும் பழுப்பு.

கடைக்காரருக்குப் போன் செய்து சண்டை போட்டேன். நாலில் ஒன்று என்றீர்களே, ஐந்து முட்டையில் ஒன்றுகூட இல்லையே என்றேன். அவர், "எனக்குக் குடுத்தவரு ஹெட்டுனு சொல்லித்தானுங்க குடுத்தாரு. நானென்ன உள்ள பூந்தா பாத்தேன்?" என்றார். ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன். ஐந்து குட்டிகளையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். பாம்பு வளர்ப்பவர்கள் இணையத்தில் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். சில நிறங்கள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பங்கு வந்தாலே குட்டியின் மேல் தெரிந்துவிடுமாம். வெள்ளை அப்படியில்லை. இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு பங்கு வந்தால்தான் தெரியும். ஒரு பங்கு மட்டும் வந்தால் பழுப்பு அதை மூடிவிடும்.

புரிவதற்காகச் சாப்பாட்டு மேசையில் இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பார்த்தேன். ஒன்று அம்மா, ஒன்று அப்பா. தலை விழுந்தால் பழுப்பு, பூ விழுந்தால் வெள்ளை. இரண்டும் பூவாக விழுந்தால்தான் வெள்ளைக் குட்டி. ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சில சமயம் சுண்டிக்கொண்டே இருப்பேன், இரண்டு பூ விழவே விழாது. சில சமயம் அடுத்தடுத்து விழும். முந்தைய முறை என்ன விழுந்தது என்று நாணயத்துக்கு நினைவில்லை. ஒவ்வொரு முட்டையும் அப்படித்தான். ஐந்தும் பழுப்பாக வந்ததால் உள்ளே வெள்ளை இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் படித்தேன். அதைப் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை. வெள்ளையில் பல வகை உண்டு. ஒரு வகை வெள்ளையையும் வேறு வகை வெள்ளையையும் சேர்த்தால் குட்டிகள் எல்லாம் பழுப்பாகவே பிறக்கும். ஒன்றிடம் இல்லாததை மற்றது கொடுத்துவிடும். மனிதர்களிலும் அப்படி உண்டு என்று போட்டிருந்தது. பல்லடத்தில் திரைச்சீலை இழுத்துவிட்ட அந்த அறை நினைவுக்கு வந்தது. எங்களுக்குக் கறுத்த முடியோடு குழந்தைகள் பிறந்திருக்கக்கூடும். இல்லாமலும் போயிருக்கலாம். அது அந்த வீட்டில் இருந்த யாருக்குமே தெரியாது. அவருக்கு இப்போது கல்யாணம் ஆகிவிட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது.

அடுத்த மார்கழியிலும் சேர்த்து விட்டேன். இந்த முறை ஆறு முட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது மூன்று முட்டைகள் கீறியிருந்தன. இரண்டிலிருந்து பழுப்புத் தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் வெறும் ஈரமாக ஏதோ மினுங்கியது. முட்டையே கெட்டுவிட்டதோ என்று பயந்து குனிந்தேன். என் மூக்கு கிட்டத்தட்ட அதன் மேல் பட்டது. சின்னத் தலை, வெளிர் மஞ்சள், புள்ளியாக இரண்டு சிவந்த கண்கள். என் நிழல் பட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துப் பெட்டியில் தாயும் அதற்கடுத்த பெட்டியில் தந்தையும் பழுப்பாகச் சுருண்டு கிடந்தன. எந்தக் கிரகணமும் இல்லை. யாரும் துணி எடுக்க வாசலுக்குப் போகவில்லை. இந்த அறையில் அம்மா இருந்திருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டியிருப்பேன். அவர் பாம்பைக் கண்டு அலறியிருப்பார், வேறு விஷயம்.

மற்ற மூன்று முட்டைகளிலிருந்தும் பழுப்புக் குட்டிகளே வந்தன. சொல்வதற்கு ஆள் வேண்டியிருந்தது. வெள்ளைக் குட்டியைப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். 'அப்பா அம்மா ரெண்டும் பழுப்பு. இது மட்டும் என்னை மாதிரி. ரெண்டு பக்கமும் மறைஞ்சு இருந்தாத்தான் இப்படி வருமாம்' என்று எழுதினேன். அம்மாவின் திதிக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வது குறைந்திருந்தது. படத்தைப் பார்த்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எங்கள் கேட்டை யாரும் திறப்பதில்லை என்பதால் நான் எழுந்து வந்தேன். தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"ஏங் கண்ணு, ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமல்ல?"

"பண்ணலாம்னு எடுத்தா எனக்கே வர வேண்டாம்னு தோணிப்போடுதுக்கா."

உள்ளே வந்து, பாம்பு அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூரமாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மோர் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, தனக்கு நாலு மாதம் என்றாள். பல வருடமாகக் குழந்தைக்காக எத்தனையோ கோயிலும் ஆஸ்பத்திரியும் ஏறி இறங்கியவள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கிட்டச் சொல்லவேயில்லையே?"

"அத்தைதான் இப்போதைக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம்னாங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "நீ அந்தப் பாம்பு போட்டோ அனுப்பிச்சியல்ல. அதப் பாத்ததுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா."

"ஏன்?"

"தப்பா நெனச்சுக்காத. எனக்கும் உன்னையாட்டப் பொறந்துருமா?"

உன்னையாட்ட என்று சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. பெரிய நோய்களின் பெயரைச் சொல்லும்போது இறங்குமே, அப்படி. அவள் கை என் கைக்குள்தான் இருந்தது. அதை விடுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு அறைக்குப் போய்ப் பழுப்புக் குட்டிகள் இருந்த பெட்டியை எடுத்துவந்து, மூடியைத் திறக்காமல் மேசை மேல் வைத்தேன். கண்ணாடி போன்ற பெட்டி. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதெல்லாம் அந்த வெள்ளையோட கூடப் பொறந்ததுக. இதுல எது வெள்ளையச் சொமக்குது, எது சொமக்கலைனு சொல்லு பாப்போம்."

"எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது."

"நானும் பக்கத்துல வெச்சுப் பாத்துட்டேன். தெரியாது. பழுப்பாப் பொறந்ததுல மூணுல ரெண்டு சொமக்கும்பாங்க. ஆனா எந்த ரெண்டுனு யாராலயும் சொல்ல முடியாது. நீயும் அப்படித்தான் கண்ணு."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அங்கே எழுதியிருக்கும் என்பது போல.

"அப்ப எனக்குள்ள இருந்தாப் பொறந்துருமா?"

"உனக்கு மட்டும் இருந்தாப் பத்தாது. மாப்பிள்ளைக்கும் இருக்கோணும். ரெண்டு பேருக்கும் இருந்தாலும் நாலுல ஒரு வாய்ப்புத்தான். ஆனா நம்ம ஒரே குடும்பம். அம்மாகிட்ட இருந்தது மாமாகிட்டயும் இருந்திருக்கலாம். அவரு மகனுக்கு வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். வெளிய கட்டியிருந்தா இந்தப் பயமே ரொம்பக் கம்மி."

அவள் மீதி மோரை எடுத்துக் குடித்தாள். பிறகு, "அப்ப அம்மா கிரகணத்துல வெளிய போனதுனால இல்லையா?" என்றாள்.

"இல்ல. அம்மாகிட்டருந்து பாதி, அப்பாகிட்டருந்து பாதி. யாரும் எதுவும் செய்யல."

அதைக் கேட்டதும் அழ ஆரம்பித்தாள். அவளுடைய குழந்தைக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "தண்ணிகூடக் குடிக்காம உக்காந்திருக்குமேக்கா" என்று அவள் சொன்ன பிறகுதான் அம்மாவுக்காக என்று தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது. எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது, அம்மா இறந்த அன்றுகூட இல்லை.

கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று டாக்டர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாம், நானும் கூட வாரேன் என்றேன். அத்தைக்குத் தெரிந்தால் பெரிய பேச்சாகிவிடும் என்று மறுத்துவிட்டாள்.

"பொறந்தாத்தான் என்ன?" என்றேன் நான். "வெயிலுக்குத் தொப்பி, முழுக்கை சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. பள்ளிக்கூடத்துல முன்னாடி பெஞ்சு. புஸ்தகத்தப் பெரிய எழுத்துல அடிச்சுக் குடுத்தாப் போதும். இதெல்லாம் அப்ப நமக்குத் தெரியல. இப்ப எனக்குத் தெரியுமல்ல?"

"அதில்லக்கா. ஊரு பேசறது."

வெயில் இறங்குவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்தாள். நான் வாசல் நிழல் முடிகிற இடம்வரை போனேன். அதற்கு மேல் வெயில். அவள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தது மங்கலாகத் தெரிந்தது.

பிறகு வந்த மாதங்களில் என் மனம் போன போக்கை யாரிடமும் சொல்லவில்லை. முதலில் குழந்தை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை. ஒரு நாள் வேலைக்கு நடந்து போகும்போது, சோளத்தட்டு நிறத்தில் தலைமுடி உள்ள ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போவதுபோல நினைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்து "வேர் மேடம்?" என்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்து பதில் சொல்கிறோம். அப்படி நினைப்பது தவறு என்று தெரிந்தும் அடிக்கடி நினைத்தேன். பழுப்புக் குட்டிகளைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளைக் குட்டியை வைத்துக்கொண்டேன். அது நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. வெளிச்சம் போட்டால் மட்டும் ஒளிந்துகொள்ளும்.

ஒரு காலையில் அத்தை போன் செய்தார். போனிலேயே அவர் சிரிப்பது தெரிந்தது.

"பொம்பளப் புள்ள கண்ணு! தல நெறையக் கருகருன்னு முடி. கும்புட்ட சாமி கைவிடல."

"ரொம்பச் சந்தோஷமுங்க அத்தை" என்றேன். போனை வைத்த பிறகும் அதையே இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அடுத்த நாள் விடுப்புப் போட்டுக்கொண்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, காந்திபுரம் போய்ப் பல்லடம் வழியாக, தங்கையைச் சேர்த்திருந்த காங்கேயம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி அறையில் சொந்தக்காரர்கள் நிறைய இருந்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சு ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கியது. குழந்தையை என் மடியில் கொடுத்தார்கள். முகத்தை மிகப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். இமை முடி கறுப்பு. கண்ணைத் திறந்தது. கண்மணி ஆடாமல் அப்படியே நின்றது. நல்ல கண். யாரோ ஒரு பெண், "பெரியம்மா கண்ணு பட்டுரப் போவுது" என்று விளையாட்டாகச் சொன்னார். அத்தை அவரை அதட்டினார். எல்லோருக்கும் ஒரு நிம்மதி முகத்தில் இருந்தது. இந்தக் குழந்தையும் உள்ளே சுமந்துகொண்டிருக்கலாம், இவளுக்கும் சொந்தத்தில் மாப்பிள்ளை பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டும்தான். அன்றைக்கு அங்கே அதைக் கேட்க யாரும் இல்லை. சொல்லாமல் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனார்கள். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தங்கை தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"உனக்கு வருத்தமா?"

"எனக்கென்ன வருத்தம்?"

"உன்னையாட்டப் பொறக்கலைனு."

அவள் குரல் இந்த முறை இறங்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம்" என்றேன்.

அவள் குழந்தையைச் சுவரோரம் நகர்த்தி, தானும் மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள். நான் போய் உட்கார்ந்தேன். கீழே போனவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்கும் வரை நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம். பிறகு எழுந்து நாற்காலிக்குப் போய்விட்டேன்.

அந்த மார்கழியில் நான் பாம்புகளைச் சேர்த்து விடவில்லை. குட்டி இருக்கிறதா என்று சிங்காநல்லூர் கடைக்காரர் இரண்டு முறை போன் செய்து கேட்டார். இந்த வருடம் வேண்டாமுங்க என்றேன். ஏன் என்று கேட்டார். இருக்கிற வெள்ளை போதுமுங்க என்றேன். தங்கை மாதம் ஒருமுறை பேசுகிறாள். குழந்தை குப்புற விழுகிறாளாம், தவழ்கிறாளாம். பின்னால் அத்தையின் குரல் கேட்டதும், "அப்பறம் பேசறேன்க்கா" என்று வைத்துவிடுகிறாள்.